தொட்டு விளையாடும் அருங்காட்சியகம்

அருங்காட்சியகம் என்றால் 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. அங்கே அப்படி இல்லை. பழைய 'பின்பால்' விளையாட்டு இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. காசு போட்டு விளையாடலாம்.

சாய்வான பலகையில் இரும்புக் குண்டு உருண்டு வரும். அது கீழே விழுந்துவிடாமல் இரண்டு சிறு மட்டைகளால் தட்ட வேண்டும். ஆனால் தொடக்கத்தில் மட்டைகள் இல்லை. குண்டு போன போக்கில் போகும். அதை வைத்துப் பந்தயம் கட்டினார்கள். இது சூதாட்டம் என்று 1942-இல் நியூயார்க் நகரம் தடை செய்தது. போலீசார் இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள்.

1947-இல் மட்டைகள் வந்தன. தடை மட்டும் போகவில்லை.

1976-இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தார் முன் விளையாடிக் காட்டினார். குண்டு எந்த வழியில் போகும் என்று முன்பே சொன்னார். அப்படியே போனது. தடை நீங்கியது.

அது தன் அதிர்ஷ்டம் என்று பின்னாளில் அவரே சொன்னார்.