முதல் பீஸ்

மணவாள நகர்

அன்பு மருமகனுக்கு,

சனி, ஞாயிறு இரண்டே நாளில் நீ ஒரு கேம் செய்து முடித்ததாக உன் அம்மா போனில் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். கும்மிடிப்பூண்டி வேலையை விட்டுவிட்டு வாரம் ஒரு கேம் போடப் போகிறாய் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் சரியில்லை.

விடுவதும் விடாததும் உன் இஷ்டம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அந்த ஜெராக்ஸ் கடைக்காக உன் அப்பா வேலையை உதறிய வருஷம் உனக்கு மறந்திருக்காது. உன் அம்மா அடகுக்குக் கழற்றிக் கொடுத்த வளையல் இன்னும் திரும்பவில்லை.

நீ எப்போதும் சொல்வாயே, ஹனோய்க்காரர் டோங் நுயென், அவரையே எடுத்துக்கொள். பிளாப்பி பேர்ட் கேமைச் சில நாளில் செய்தார். விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வந்தது என்றார்கள். சரி. செய்தபோது அவர் டாக்சிக் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தார், அப்பா அம்மாவோடு இருந்தார். 2013 மே மாதம் வெளியிட்டதை அந்த வருஷம் முடியும் தறுவாய்வரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அத்தனை மாதமும் சோறு போட்டது சம்பளம். பேர் வந்த பிறகு நிம்மதி போய், 2014 பிப்ரவரியில் அவரே கேமை எடுத்துவிட்டார்.

டூல் ரூமில் இருந்தவன் சொல்கிறேன். டை செட் பண்ணியதும் முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போக வேண்டும். அடித்தவனே 'ஓகே' சொல்லக்கூடாது. மாதக் கடைசி டார்கெட் அவசரத்தில் ஒருமுறை மேலே இருந்தவர் அதைப் பார்க்க விடாமல் மெஷினை ஓட்டச் சொன்னார். லாட் முழுக்கப் பிசிறோடு திரும்பி வந்தது. ரிஜக்‌ஷன் ஷீட்டில் என் பெயர். ஓட்டச் சொன்னவர் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. நீ போடும் கேமிலும் உன் பெயர்தான் இருக்கும்.

கூகுளே இப்படி அடுத்தவர் சோதிப்பதைக் கேட்கிறது. புதிதாகத் தனி ஆள் கணக்குத் தொடங்க 25 டாலர் கட்டினால் மட்டும் போதாது. 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் பிளே ஸ்டோரில் எல்லாருக்கும் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். வாரம் ஒன்று என்ற உன் கணக்கு அங்கேயே உதைக்கிறது.

டொராண்டோவில் நம் தமிழர் அபி 'வெண்பா' என்ற கேம் செய்தாரே! ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். அதற்கு வருஷக்கணக்கில் உழைத்தார்கள். அதில் அம்மாவின் சமையல் நோட்டு பாழாகிப் போயிருக்க, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று ஆடுகிறவர் தானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 2023-ல் வெளிவந்தது, 2024-ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது.

ஆக, வேலையை விட்டு வாரம் ஒன்றாகக் கொட்டி, உன் அம்மாவை மறுபடி அடகுக்கடை வாசலில் நிறுத்தலாம். இல்லை, கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, லீவு நாளில் ஒரே கேமை நிதானமாகச் செய்யலாம். நீயே முடிவு பண்ணு.

திட்டுகிறேன் என்று நினைக்காதே ராஜா. இரண்டு நாளில் ஒன்றை உருவாக்குகிற மூளை நம் குடும்பத்தில் வேறு யாருக்கு வாய்த்தது? நல்ல லேப்டாப் வேண்டுமானால் கூச்சப்படாமல் கேள், என் பி.எஃப். பணம் இருக்கிறது. அமாவாசைக்கு வீரராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு வீட்டுக்கு வா, அத்தை உனக்குப் பிடித்ததைச் செய்து வைப்பாள். அந்த 12 பேரில் என் பெயரை முதலில் போடு, அத்தை பெயரை அடுத்து எழுது.

அன்புடன்,
மாமா