மழலையை அளப்பது எப்படி?

மெல்லிய கம்பியின் விட்டத்தை அளக்கச் சாதாரண அளவுகோலை எடுத்தால் ஆசிரியர் திருகு அளவியை நீட்டுவார். எதை அளக்கிறோமோ அதற்கேற்ற மீச்சிற்றளவு வேண்டும். குழந்தையின் பேச்சை அளக்கவும் இதே விதிதான்!

குழந்தைகள் ஏறத்தாழ ஒரு வயதில் ஒற்றைச் சொல் பேசுகின்றன. இரண்டு வயதை நெருங்கும்போது சொற்களைச் சேர்க்கின்றன. 1962-இல் அமெரிக்க உளவியலறிஞர் ராஜர் பிரவுன், ஆடம், ஈவ், சாரா எனப் பெயரிட்ட மூன்று குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கினார். நூறு கூற்றுகளை எடுத்து, அவற்றின் உறுப்புகளை எண்ணி, நூறால் வகுத்தார். ஒற்றைச் சொல் பருவத்தில் விடை ஏறக்குறைய 1. பேச்சு வளர வளர எண்ணும் வளரும். ஈவ் மற்ற இருவரையும்விட வெகு முன்னதாகவே 4-ஐ எட்டினாள். எனவே வயது நல்ல அளவுகோல் அன்று.

பிரவுன் எண்ணியது சொற்களையா? இல்லை, பொருள் தரும் மிகச் சிறிய துண்டுகளை. இத்துண்டை உருபன் என்பர். 'பந்தை' என்பது ஒரு சொல். ஆனால் பந்து, ஐ என்று இரண்டு உருபன்கள்.

இது ஏன் முக்கியம் என்பதை அல்பேனிய மொழி அழகாகக் காட்டும். கிரேக்க நாட்டுக்கு வடக்கே, அட்ரியாட்டிக் கடலோரம் உள்ள நாடு அல்பேனியா. அங்கே 'தொப்' என்றால் ஒரு பந்து. 'தொப்பி' என்றால் 'அந்தப் பந்து'. (நம் தலையில் வைப்பது அன்று!) அந்தப் பந்தை எடு, கொடு என்னும்போது அது 'தொப்பின்' ஆகும்.

'துவா' என்றால் 'எனக்கு வேண்டும்'. யாருக்கு வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே அடக்கம்; அவனுக்கு வேண்டுமென்றால் 'தோ'. ஆகவே 'துவா தொப்பின்' என்று இரண்டே சொல் பேசும் குழந்தை, 'அந்தப் பந்து எனக்கு வேண்டும்' என்று முழு வாக்கியமே சொல்லிவிடுகிறது. சற்று வளர்ந்தபின் 'ம யெப் தொப்பின்', அதாவது 'அந்தப் பந்தை எனக்குக் கொடு' என்கிறது. 'யெப்' என்பது கொடு. 'ம' என்ற ஓரெழுத்துக்குள் 'எனக்கு', 'அதை' என்ற இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டுள்ளன. சொற்கள் 3, உருபன்கள் 5. பிறகு 'துவா த லுவாய்' என்ற வகை வருகிறது. 'எனக்கு விளையாட வேண்டும்' என்பது பொருள். ஆனால் அல்பேனியத்தில் 'விளையாட' என்னும் வினையும் 'நான்' என்ற விகுதியுடன்தான் நிற்கவேண்டும். பேசுபவரை இரு வினைகளிலும் காட்ட வேண்டும். சின்னஞ்சிறு மூளைக்கு இது பெரிய வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதையே ஆங்கிலக் குழந்தை 'கிவ் மீ த பால்' என்று 4 சொற்களில் கேட்கும். உருபன்களும் 4-தான். சொல்லை எண்ணினால் அல்பேனியக் குழந்தை பின்தங்கியது. உருபனை எண்ணினால் முந்தியது! இரண்டுமே தவறான முடிவுகள். அங்குலத்தையும் சென்டிமீட்டரையும் அப்படியே ஒப்பிடுவது போன்றது இது. 1991-ஐ ஒட்டிப் பல அல்பேனியக் குடும்பங்கள் இத்தாலிக்கும் கிரேக்க நாட்டுக்கும் குடிபெயர்ந்தன. அத்தகைய வீட்டுக் குழந்தைக்குப் பேச்சு தாமதமா என்று பார்க்கும் மருத்துவர், அதன் வீட்டுமொழியில், அதே மொழி பேசும் பிற குழந்தைகளோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

உங்கள் வீட்டில் இரண்டு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் நீங்களும் அளந்து பாருங்கள். சொன்னதைச் சொன்னபடியே நூறு கூற்றுகள் எழுதுங்கள், திருத்தாதீர்கள். திக்கித் திரும்பச் சொன்னதை ஒரு முறையே எண்ணுங்கள். மனப்பாடமான பாட்டைச் சேர்க்காதீர்கள். இரண்டு மாதம் கழித்து மீண்டும் நூறு கூற்றுகள் எழுதி, இரு எண்களையும் அருகருகே வையுங்கள்.