கொயோட்டி வேட்டைக்குக் கில்லி உடை

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், முயல் கதறுவதுபோல் ஊதல் ஊதிக் கொயோட்டி என்னும் ஓநாய் போன்ற விலங்கை வரவழைத்து, சணல் நார்கள் தொங்கும் மறைவு உடையான கில்லி உடையில் காத்திருப்பவர்களுக்கு:

1. உடையை வாங்குமுன், உட்காரப்போகும் இடத்தின் நிறத்தைப் பாருங்கள். அரிசோனாப் பாலைக்குக் காய்ந்த புல் நிறம்தான் சரி. கரும்பச்சை திட்டாகத் தெரியும்.

2. மேல்சட்டையும் தலைமூடியும் போதும். முழு உடை புழுங்கும், முள்ளில் மாட்டும்.

3. துப்பாக்கிக் கட்டை பதியும் தோளிலும் கை மணிக்கட்டிலும் தொங்கும் நார்களை வெட்டிவிடுங்கள். விசையில் ஒரு நூல் சிக்கினாலும் ஆபத்து.

4. எந்த உடையும் வாடையை மறைக்காது. கொயோட்டி பெரும்பாலும் காற்று போகும் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கும். அந்தப் பக்கம் வெட்டவெளியாக இருக்கும்படி அமருங்கள். முகத்தையும் கைகளையும் மூடுங்கள், அதிகம் அசைபவை அவைதான்.

5. இடம் மாறி நடக்கையில் உடையைக் கழற்றிவிட்டு, பளிச்சென்ற ஆரஞ்சு அங்கி அணியுங்கள். இதில் சோம்பலே கூடாது: இன்னொரு வேட்டைக்காரர் உங்களை விலங்கென்று நினைத்துச் சுட்டுவிடலாம்.

6. அடுப்பு, சிகரெட் அருகே போகாதீர்கள். சணல் நார் சட்டெனத் தீப்பிடிக்கும்.

7. நனைந்தால் நன்றாக உலர்த்தியே மடியுங்கள். ஈரச் சணல் பூஞ்சை பிடிக்கும்.