சந்திக்காத பாலங்கள்

நுழையும்முன்

சாலை அமைப்பது ஒரு துறையின் பணி போலத் தோன்றும். உண்மையில் அது பல துறைகளின் கூட்டுப்பணியாகும். ஒவ்வொரு துறையும் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் முழுவேலை பிழையாகக்கூடும். அது எவ்வாறு நேர்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சாலை, பல கைகள்

புதிதாகத் தார் இட்ட சாலை சில நாள்களிலேயே தோண்டப்படுவதை நகரத்தில் வாழ்வோர் பலரும் கண்டிருப்பர். ஏன் இப்படி நேர்கிறது? சாலை என்பது கண்ணுக்குத் தெரியும் தார்ப்பரப்பு மட்டுமன்று. அதன் அடியில் கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், மின்வடம், தொலைபேசி வடம் எனப் பலவும் செல்கின்றன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு துறையின் பொறுப்பில் உள்ளன.

இவற்றைப் புதைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. ஆழத்தில் செல்வதை முதலில் புதைக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் குடிநீர்க் குழாயைவிடத் தாழ்வாகச் செல்ல வேண்டும். அப்போதுதான் கழிவுநீர் கசிந்தாலும் குடிநீரில் எளிதில் கலவாது. எல்லாவற்றையும் புதைத்து மூடிய பின்னரே தார் இட வேண்டும். இவ்வரிசை மாறினால், போட்ட சாலையையே வெட்ட நேரிடும்.

வெட்டிய பள்ளத்தை மூடுவதிலும் முறை உண்டு. மண்ணை அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். வெறுமனே அள்ளிக் கொட்டி மூடினால், மழைநீர் உள்ளிறங்க, மண் அமிழ்ந்து குழி உண்டாகும். இரவில் அக்குழியில் தடுமாறி விழும் மிதிவண்டிக்காரருக்கு, அதைத் தோண்டியது எந்தத் துறை என்பது தெரியாது. காயம் மட்டும் அவருடையது.

மும்பையில் நிகழ்ந்தது

மும்பை மாநகரின் அந்தேரிப் பகுதியை இரயில் பாதை கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. இவ்விரு பகுதிகளையும் இணைப்பது கோகலே பாலம். நாட்டு விடுதலைக்கு உழைத்த கோபால கிருஷ்ண கோகலேயின் பெயரைத் தாங்கியது அது. 2018 ஜூலை 3 அன்று பெருமழையின்போது அதன் நடைபாதைப் பகுதி இடிந்து தண்டவாளத்தின்மீது விழுந்தது. பின்னர், 2022 நவம்பரில் பாலம் முழுவதும் மூடப்பட்டது. தண்டவாளத்தின் மேலிருந்த பகுதியை மேற்கு இரயில்வே இடித்தது. புதிய பாலத்தை மாநகராட்சி கட்டியது.

பாலம் மூடியிருந்த காலத்தில் மக்கள் சுற்றுவழியில் சென்று இடர்ப்பட்டனர். எனவே புதிய பாலத்தின் ஒரு பாதி 2024 பிப்ரவரி 26 அன்று திறக்கப்பட்டபோது அவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் அதனை அடுத்து, ஜுஹு நோக்கிச் செல்லும் பர்ஃபிவாலா மேம்பாலம் ஒன்று உண்டு. முன்பு இவ்விரண்டும் இணைந்திருந்தன. இப்போதோ புதிய பாலம் மேலேயும் பழைய மேம்பாலம் கீழேயும் நின்றன. உயர வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை எனச் செய்தித்தாள்கள் எழுதின. ஒரு பாலத்திலிருந்து மற்றொன்றிற்கு வண்டிகள் செல்ல வழியில்லை.

இதற்குக் காரணம் என்ன? தண்டவாளத்தின்மேல் மின்கம்பிகள் செல்வதால், அவற்றிற்கும் பாலத்திற்கும் இடையே போதிய வெளி இருக்க வேண்டும். இரயில்வேயின் புதிய விதிப்படி கோகலே பாலம் முன்னினும் உயரமாக அமைந்தது. அவ்விதி பாதுகாப்பிற்கு உரியதே. ஆனால் அதனால் பக்கத்து மேம்பாலத்தோடு ஏற்படும் வேறுபாட்டைச் சரிசெய்யும் பணி, பாலத்தின் திறப்போடு ஒருங்கே முடியவில்லை. இரு பாலங்களும் தத்தம் அளவில் குறையற்றவை. இரண்டிற்கும் நடுவிலே நின்ற வெளிதான் குறை. அந்த வெளியைத் தன் பொறுப்பாகக் கருதி, உரிய காலத்தில் முடித்தவர் எவருமிலர்.

பின்னர் வல்லுநர்களின் அறிவுரை பெறப்பட்டது. நீரழுத்தத்தால் இயங்கும் தூக்கிகளைக்கொண்டு பர்ஃபிவாலா மேம்பாலத்தின் ஒரு பகுதியை மெல்ல மெல்ல உயர்த்தினர். 2024 ஜூலை 4 அன்று இரு பாலங்களும் இணைந்தன. நான்கு மாதக் காத்திருப்பிற்குப் பின் வண்டிகள் ஓடின.

போபாலில் ஒரு திருப்பம்

மத்தியப் பிரதேசத் தலைநகரான போபாலில், ஐஷ்பாக் பகுதியில் இரயில் பாதையின்மேல் ஒரு பாலம் கட்டப்பட்டது. நீளம் 648 மீட்டர். செலவு ஏறத்தாழ 18 கோடி ரூபாய். 2025 ஜூன் மாதம் அதன் படம் நாடெங்கும் பரவியது. பாலம் நடுவில் சட்டென ஒடிந்தாற்போலத் திரும்பியது. மெட்ரோ நிலையம் அருகிலிருந்ததால் போதிய நிலம் இல்லை என்று பொதுப்பணித்துறையினர் கூறினர். பொறியாளர் எழுவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர்.

அத்திருப்பம் தொண்ணூறு பாகை என்றே அனைவரும் பேசினர். பின்னர் நீதிமன்ற ஆணைப்படி வல்லுநர் ஒருவர் அளந்தபோது அது 118 பாகைக்கு மேற்பட்டது எனத் தெரியவந்தது. குறையைச் சுட்டுவதற்கும் அளந்தறிதல் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. ஆயினும் விரைந்து வரும் வண்டிக்கு அத்திருப்பம் இடரானதே.

ஊர் கூடித் தேர் இழுத்தல்

தமிழகக் கோயில்களில் தேரோட்டம் நிகழும்போது, நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிப்பர். அனைவரும் ஒரே குரலுக்கு இழுப்பர். தேர் தெருமுனையில் திரும்ப வேண்டும். மேடு கண்ட இடத்தில் நிற்க வேண்டும். அதற்காகச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோர் உண்டு. இழுப்போரும் கட்டை இடுவோரும் ஒருவரையொருவர் அறியாமல் செயற்பட்டால் தேர் நிலைக்கு வாராது. வலிமை மட்டும் போதாது, ஒத்திசைவும் வேண்டும்.

இவ்வொத்திசைவுக்காக 2021 அக்டோபரில் நடுவண் அரசு 'கதி சக்தி' திட்டத்தைத் தொடங்கியது. சாலை, இரயில், குழாய், வடம் ஆகியவற்றின் விவரங்களை ஒரே எண்ணிம வரைபடத்தில் பல துறைகளும் காண இது வழிசெய்கிறது. 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்னும் செயலியும் வந்தது. தோண்டப் போகிறவர் அதில் முன்கூட்டியே தெரிவித்தால், அங்கே குழாயும் வடமும் புதைத்தவர்களுக்குச் செய்தி செல்லும்.

எனினும் வரைபடம் தானே பேசாது. செயலியும் தானே தோண்டாமல் நிறுத்தாது. அடுத்த துறையிடம் கேட்டறிய வேண்டும் என்னும் எண்ணம் மனிதரிடமிருந்தே வர வேண்டும். 'என் வேலை முடிந்தது' என்பதோடு நில்லாமல், 'நம் வேலை முடிந்ததா?' என்று கேட்பவரே நல்ல பொறியாளர்.

சொல்லும் பொருளும்

வடம் – தடித்த கயிறு, கம்பிகளின் கட்டு
அமிழ்தல் – கீழிறங்குதல்
பாகை – கோணத்தின் அளவு
முட்டுக்கட்டை – தேர்ச்சக்கரத்தின் அடியில் இடும் கட்டை. (மரபு வழக்கில்) தடை
நிலை – தேர் நிற்குமிடம்
எண்ணிம – கணினி வடிவிலான

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கழிவுநீர்க் குழாய் ஏன் குடிநீர்க் குழாயைவிடத் தாழ்வாகச் செல்ல வேண்டும்?
2. கோகலே பாலம் முன்னினும் உயரமாக அமைந்தது ஏன்?
3. போபால் பாலத்தை அளந்ததால் தெரியவந்தது யாது?

ஆ. விரிவான விடை எழுதுக.
'இரண்டிற்கும் நடுவிலே நின்ற வெளிதான் குறை.' இத்தொடரைப் பாடக் கருத்தோடு பொருத்தி விளக்குக.

இ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
ஊர் கூடித் தேர் இழுத்தல், முட்டுக்கட்டை போடுதல்

ஈ. செயல்பாடு
உங்கள் தெருவில் அண்மையில் தோண்டப்பட்ட இடம் ஒன்றைப் பெரியவர் துணையோடு காண்க. எதற்காகத் தோண்டினர், எவ்வாறு மூடினர் எனக் கேட்டறிந்து, மாநகராட்சி ஆணையருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக. பின்னர் அதனை உங்கள் மாநில மொழியில் பெயர்த்து வகுப்பில் படித்துக் காட்டுக.