கஞ்சாச் செடியும் குழந்தைகளின் வலிப்பு நோயும்

நம் காஞ்சி மாநகரின் நெசவுத் தெருவொன்றில் ஒரு குழந்தை வலிப்புற்று வீழுமாயின், தறியை விட்டு ஓடிவருவோர் முதலில் தேடுவது ஓர் இரும்புச் சாவியையே. அதனைக் கையிற் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நம் நாட்டிற் பலர் கொண்ட எண்ணம். பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமே அடங்குவன. ஆதலின் அப்பெருமை சாவிக்குச் சேர்ந்துவிடுகிறது. நோய் தானே தணிந்ததா, மருந்தால் தணிந்ததா என்னும் இவ்வினாவே மருத்துவ ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும். இதனை ஒரு மருந்தின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

1839ஆம் ஆண்டில், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயன ஆசிரியராயிருந்த வில்லியம் புரூக் ஓஷானெஸி என்னும் ஐரிஷ் வைத்தியர், இந்நாட்டுக் கஞ்சாவை முதலில் விலங்குகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்து ஆராய்ந்தார். பிறந்து நாற்பதே நாளான பெண் குழந்தை ஒன்று ஓயாத வலிப்பால் வருந்தியது. வழக்கமான மருந்துகள் பயன்படவில்லை. அவர் கஞ்சாவின் சாராயக் கரைசலில் ஒரு துளியில் தொடங்கினார். வலிப்புத் தணிந்து மீண்டும் வந்தபோது அளவைப் பன்மடங்கு உயர்த்தினார். முடிவில் குழந்தை நலம் பெற்றது. இச்செய்தி மேனாட்டு வைத்தியரை வியப்பித்தது. எனினும், ஒரு குழந்தை தேறியது கொண்டு மருந்து மெய்யெனத் துணிதல் யாங்ஙனம்? சாவியைப் பற்றிய வினா இங்கும் நிற்கின்றதன்றோ!

பட்டில் பாவும் ஊடையும் போலக் கஞ்சாச் செடியிலும் இருவேறு பொருள்கள் விரவியுள்ளன. ஒன்று அறிவை மயக்கும் டெட்ராஹைட்ரோகன்னாபினால். மற்றொன்று மயக்கம் தராத கன்னாபிடியால். பின்னதை 1940இல் அமெரிக்க இரசாயன அறிஞர் ரோஜர் ஆடம்ஸ் பிரித்தெடுத்தார். 1963இல் ரபேல் மெக்கூலம் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். 1980இல் பிரேசில் நாட்டில் அதனை உண்ட எண்மருள் நால்வர் ஏறக்குறைய வலிப்பின்றி இருந்தனர். ஆயினும் எண்மர் மிகச் சிலரே.

உறுதியான விடை 2017இல் கிடைத்தது. திராவே நோய் என்பது பிறந்த முதலாண்டிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு தொடங்கி, பல மருந்துகளுக்கும் அடங்காது, அறிவு வளர்ச்சியையும் தடுக்கும் கொடிய வலிப்பு. அந்நோயுற்ற 120 இளையோரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்குக் கன்னாபிடியாலும், மறு சாரார்க்கு மருந்தில்லாப் பாகும், முன்னைய மருந்துகளோடு சேர்த்து 14 வாரம் கொடுத்தனர். எவர்க்கு எது கிடைத்தது என்பதைப் பெற்றோரும் அறியார், வைத்தியரும் அறியார். மருந்துண்டோரிடத்து மாத வலிப்பின் நடு எண்ணிக்கை 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது, மற்றையோரிடத்து 14.9இலிருந்து 14.1ஆகவே நின்றது. எனவே 2018இல் அமெரிக்க அரசு, திராவே நோய்க்கும் லெனாக்ஸ்-காஸ்டோ நோய்க்கும் இம்மருந்தை அனுமதித்தது.

எனினும் இது சஞ்சீவி அன்று. வலிப்பு முற்றும் நீங்கினோர் மிகச் சிலரே. உறக்கம், பசியின்மை, வயிற்றுப்போக்கு ஆகியன உண்டாகும்; வால்புரோயேட் உண்போர்க்குக் கல்லீரல் ஊறுபடுதலும் உண்டு. ஆகவே இரத்தப் பரிசோதனையோடு வைத்தியரே கொடுத்தற்குரியது.

இதைக் கேட்ட தாயொருத்தி, "செடியிலிருந்து வந்ததுதானே!" என்று, கஞ்சாவையோ அளவறியா எண்ணெயையோ குழந்தைக்குப் புகட்டுதல் பெருந்தவறு. அவற்றில் மயக்கும் பொருள் எவ்வளவு என்பதை அவள் அறியாள். 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாப் பூந்தலைப்பையும் பிசினையும் தடுத்துள்ளது என்பதும் நினைவிற்குரியது. அதனினும் பெருந்தவறு, இந்நம்பிக்கையால் பழைய மருந்தைத் திடீரென நிறுத்துதல். அதனால் வலிப்பு ஓயாது பெருகி உயிருக்கே இடர் விளையலாம்.

ஆதலின் மாணவர்களாகிய நாம் நம் தெருவில் செய்யத்தக்கது யாது? வலிப்புற்ற குழந்தையை ஒருக்களித்துக் கிடத்துவோம்; வாயில் எதனையும் இடோம்; கடிகாரத்தை நோக்குவோம்; ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவமனைக்கு விரைவோம். சாவி பெட்டியைத் திறக்கட்டும். நோயைத் திறந்து காண ஆராய்ச்சியே திறவுகோலாகும்.