எடை அட்டை பேசுகிறது

பிறந்து பத்து நாளான குழந்தை தாய்ப்பால் குடிக்கிறது. எவ்வளவு குடித்தது? புட்டிப்பால் என்றால் கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தாய்ப்பாலை அப்படி அளக்க முடியாது. பால் போதுகிறதா என்பதைப் புதிதாகத் தாயானவர் எப்படி அறிகிறார்?

குழந்தையே தெரிவிக்கிறது. முதல் வாரம் கழிந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். செயலின் விளைவு செய்தியாகத் திரும்பி வந்து, அடுத்த செயலை மாற்றுவதைப் பின்னூட்டம் என்கிறோம். தாயின் உடலுக்குள்ளும் இது நடக்கிறது. குழந்தை சப்பும்போது நரம்புகள் வழியே மூளைக்குச் செய்தி போகிறது. பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினைச் சுரக்கிறது. மார்பில் பால் தீரத் தீர மேலும் ஊறும். தேங்கினால் ஊறுவது குறையும். இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, ஏறத்தாழ அதே ஏற்பாடுதான்.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். பசியா, ஈரத்துணியா, தூக்கமா என்று அழுகை பிரித்துச் சொல்வதில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் பாலுக்குக்கூட விழிக்காமல் சோர்ந்து தூங்கும் பச்சிளங்குழந்தையைக் கண்டால்தான் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவார்கள். எல்லாம் நலம் என்று அந்த அமைதிக்குப் பொருளில்லை.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கிறது கண்டமங்கலம். அந்த ஒன்றியத்து அங்கன்வாடி ஒன்றில் எடை போடும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதக் குழந்தைகள் இருவர். முதல் குழந்தையின் கடைசி மூன்று மாத எடை 7.4, 7.7, 8.0 கிலோ. இரண்டாவதன் எடை 9.0, 9.0, 8.9 கிலோ. யாரைக் கவனிக்க வேண்டும்? 'எட்டுக் கிலோ குழந்தையை' என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்! கனமான குழந்தையின் கோடுதான் கீழே திரும்புகிறது. இத்தகைய வளர்ச்சி அட்டையை நைஜீரியக் கிராமங்களில் பணியாற்றிய டேவிட் மோர்லி என்ற குழந்தை மருத்துவர் பரப்பினார். எடை எவ்வளவு என்பதைவிட, கோடு எந்தத் திசையில் போகிறது என்பதே அதில் முக்கியம்.

இதையே அடிப்படையாகக் கொண்டு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் தொடங்கியது. மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதலில் நடத்திப் பார்த்தார்கள். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு 90 நாள் சத்துணவு. தேறியதும் அது நிறுத்தப்படும். எடை போட்டவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களே. வறுமையிலும் தம் குழந்தையை நன்றாக வளர்த்த தாய்மாருக்கு வேலையில் முன்னுரிமை தரப்பட்டது. நல்ல யோசனை அல்லவா? குழந்தை தரும் செய்தியைப் படிக்கப் பழகியவர் எடை அட்டையையும் படிப்பார்.

இனி அந்தப் பணியாளரின் வேலையை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் பின்னூட்டம் வேண்டும். மேற்பார்வையாளர் வந்து, "உங்களுக்கு அக்கறை போதாது" என்கிறார். இதைக் கேட்டு நாளை எதை மாற்றுவது? "ஐந்து குழந்தைகளுக்கு எடை ஏறவில்லை. மூவருக்கு வயிற்றுப்போக்கு. அவர்கள் வீட்டுக்கு நாளைக்கே போய்வருவோமா?" என்று கேட்டால் அதில் வேலை இருக்கிறது. முதலாவது ஆளைக் குறை சொல்கிறது. இரண்டாவது குழந்தையைப் பற்றிப் பேசுகிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எடை ஏறாத குழந்தை இருந்தால் திட்டு விழும் என்று பணியாளர் அஞ்சினால் என்ன ஆகும்? பென்சில் புள்ளி சற்றே மேலே விழும். 8.9 என்பது 9.2 ஆகிவிடும். அட்டை அழகாக இருக்கும், மேற்பார்வையாளரும் மகிழ்வார். சத்துணவு கிடைக்க வேண்டிய குழந்தைக்கு அது கிடைக்காமல் போகும். முன்பு சொன்ன, அழாமல் தூங்கும் குழந்தையின் அமைதிதான் இதுவும். பள்ளி ஆய்வகத்தில் 'வரவேண்டிய விடையை' எழுதிவிடும் மாணவரும் இதைத்தான் செய்கிறார்!

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால், அனுமதி கேட்டு அதன் அட்டையைப் பாருங்கள். மாத எடைகளை வரைபடத்தாளில் குறித்துக் கோடு இழுங்கள். கோடு எங்கே தட்டையாகிறது? அந்த மாதம் காய்ச்சல் வந்ததா, பல் முளைத்ததா, உணவு மாறியதா என்று தாயிடம் கேளுங்கள். "ஏன் எடை ஏறவில்லை?" என்று ஒருமுறையும், "அந்த மாதம் குழந்தைக்கு என்ன நடந்தது அக்கா?" என்று மறுமுறையும் கேட்டு, கிடைக்கும் விடைகளை அருகருகே எழுதிப் பாருங்கள்.