கடல் கடந்த துணியும் கனவில் கண்ட நாடும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரைக் கடந்து சிறிது தொலைவில் உள்ளது கடம்பத்தூர். வைகறையிலேயே தொழிற்சாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் செல்வோர் அங்கே வண்டிக்காகக் காத்து நிற்பர். அவர்களுள் இளைஞர் சிலர் கைபேசியில் ஜப்பானியச் சித்திரப் படங்களைக் கண்டு களிப்பதுண்டு. டோரேமான் என்னும் பொறிப் பூனையை அறியாத சிறுவர் அரியர். பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்களும், மாசற்ற தெருக்களும், பணிவு மிக்க மாந்தரும் நிறைந்த நாடு ஜப்பான் என்னும் எண்ணத்தை அப்படங்கள் விளைவிக்கின்றன. அங்கே துன்பமே இல்லை என்று நம்புவாரும் உளர்.

இம்மயக்கம் புதிதன்று. 1854-ஆம் ஆண்டில் ஜப்பான் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், அந்நாட்டு அச்சோவியங்கள் ஐரோப்பாவில் பெருகின. வான் கோ என்னும் டச்சு ஓவியர் 1887-இல் ஹிரோஷிகேயின் ஓவியங்களைப் பார்த்துத் தாமும் தீட்டினார். அவர் ஜப்பானுக்குச் சென்றதே இல்லை. ஆயினும், 1888-இல் பிரான்சின் தென்பகுதிக்குச் சென்றபோது, அந்நிலத்திலேயே தம் கனவு ஜப்பானைக் கண்டு மகிழ்ந்தார்.

பொருளைக் கண்டு நாட்டைக் கனவு காணும் இவ்வழக்கம் ஜப்பானியரிடமும் இருந்தது. அவர்தம் கனவிற்கு நூல் நூற்றுத் தந்த இடங்களுள் ஒன்று தமிழகக் கடற்கரை.

கடம்பத்தூர் அமைந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்கு வடகிழக்கே பழவேற்காடு என்னும் பழந்துறைமுகம் உள்ளது. அங்கே டச்சுக்காரரின் கெல்டிரியா கோட்டை 1613-இல் எழுந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த கோடிட்ட பருத்தித் துணியும், சாயமிட்டுப் பூவரைந்த துணியும் அவர்தம் கப்பல்களில் கீழ்த்திசை சென்றன. நாகசாகித் துறையின் வழியே ஜப்பானையும் அடைந்தன. கோடிட்ட துணியை ஜப்பானியர் ‘சாந்தோமே’ என்று அழைத்தனர். மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயரே அச்சொல்லுக்கு மூலம். பூந்துணியைச் ‘சரசா’ என்று போற்றினர். தேநீர்ச் சடங்கில் வல்லோர் அதன் சிறு துண்டையும் வீணாக்காமல், அரிய தேயிலைச் செப்புகளுக்கு உறை தைத்துக்கொண்டனர். சரசாவின் வகைகளை விளக்கும் நூலொன்று 1778-இல் ஜப்பானில் வெளிவந்தது.

அத்துணியைத் தடவி மகிழ்ந்தோர் அது புறப்பட்ட கரையின் துயரை அறிந்திலர். 17-ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வருத்தியபோது, ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் அக்கரையில் அடிமைகளாக விற்கப்பட்டனர். பழவேற்காடு அக்கொடிய வணிகத்திற்கும் வாயிலாயிற்று. துணி ஏறிய துறையிலேயே மனிதரும் ஏற்றப்பட்டனர். துணியில் பூ இருந்தது, கண்ணீர் இல்லை.

துணி சென்ற வழியில் பிற்காலத்தில் திரைப்படமும் சென்றது. 1995-இல் வெளிவந்த ‘முத்து’ என்னும் தமிழ்ப் படம், 1998-இல் ‘நடனமாடும் மகாராஜா’ என்னும் பொருள்படும் பெயருடன் டோக்கியோவில் பல வாரங்கள் ஓடியது. ஆடலும் பாடலும் ஜப்பானியர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆனால், கடம்பத்தூரில் விடியற்காலை வண்டிக்கு நிற்கும் தொழிலாளியை அவர்கள் அத்திரையில் கண்டிருப்பரோ?

அவ்வாறே, டோரேமானை மட்டும் கண்டவர் ஜப்பானை முழுதும் கண்டவராகார். இன்று அந்நாட்டு மக்களில் பத்தில் ஏறக்குறைய மூவர் 65 வயது நிரம்பியவர். இளைஞர் நகரங்களுக்குச் சென்றுவிட, முதியோரே எஞ்சிய சிற்றூர்கள் பல. அளவிறந்த உழைப்பால் நேரும் சாவைக் குறிக்கக் ‘கரோஷி’ என்னும் தனிச்சொல்லே அவர்தம் மொழியில் உண்டு.

அயல்நாட்டுக் கலையைச் சுவைத்தல் தவறன்று. கலை ஒரு நாட்டின் வாயில், வாயிலே வீடாகிவிடாது. மொழியைக் கற்று, வரலாற்றைப் படித்து, உழைக்கும் மக்களின் இன்பதுன்பங்களை உணர்ந்தவரே உள்ளே புகுந்தவராவர். தம்மைப் பிறர் மெய்யாக அறிதல் வேண்டும் என விரும்புவோர், பிறரையும் அவ்வாறே அறிய முயல்வது கடமையாகும்.